இண்டென்ட் நோட்டில் தொடங்கிய மாற்றம்: செட்டிநாட்டு விடுதி ஒன்றின் ஊழியர் குழு

காரைக்குடிப் பக்கம், பழைய நகரத்தார் வீடு ஒன்றை விடுதியாக மாற்றி நடத்தும் ஒரு நிறுவனத்தைப் பற்றிய ஆய்வு இது. அங்கே வேலை பார்ப்பவர்கள் தாங்களாகவே ஒரு குழுவாகச் சேர்ந்து, தங்கள் விடுதி சுற்றுப்புறத்துக்கும் சக மனிதர்களுக்கும் பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று முயன்றார்கள். எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்பதை எழுதியிருக்கிறேன். நான் அங்கே கணக்குப் பார்க்கிறேன். குழுவிலும் ஒருத்தன். விடுதியின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். மில்லிலோ ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ இப்படி ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்கு, பெயரைவிட நடந்த விதம்தான் உதவும்.

இடம்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. இங்கே வாழ்ந்தவர்கள் வானத்தை நம்பித்தான் ஊர் கட்டினார்கள். ஓட்டுக்கூரையில் விழும் மழை முற்றத்தில் இறங்கும், அங்கிருந்து கல்வாய்க்கால் வழியாகத் தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து ஊருணிக்கும் கண்மாய்க்கும் போய்ச் சேரும். வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவே முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும். இந்த ஊர்களின் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்களின் அழகுக்காகப் பலர் அதைப் பேசுகிறார்கள். எனக்கு அந்தத் தண்ணீர் ஏற்பாடுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர மீட்டர் கூரை உள்ள ஒரு வீடு, சேதாரத்தைக் கழிக்காமல் பார்த்தால், வருஷத்துக்கு 9,00,000 லிட்டர் தண்ணீரைத் தன் தலையில் வாங்குகிறது.

அப்படிப்பட்ட வீடுதான் எங்கள் விடுதி. அறைகளும் குளியலறைகளும் கட்டியபோது முற்றத்து வாய்க்காலின் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். தண்ணீர் பிளாஸ்டிக் குழாய் வழியாகத் தெருச்சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மழைநீரை வெளியே அனுப்பிவிட்டு மறு பக்கம் லாரித் தண்ணீர் வாங்கினோம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் கட்டடத்திலும் காகிதத்தில் ஒரு தொட்டி இருந்தது.

முதல் முயற்சிகள்

வரவேற்பில் இருந்த ஒரு தம்பி, ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை பார்க்கும் அக்கா, தோட்டக்காரர், ஒரு டிரைவர், நான். இவ்வளவுதான் தொடக்கத்தில். மேனேஜர் சம்மதித்தார். அவர் மனதில் இருந்தது உலகச் சுற்றுச்சூழல் நாள். ஜூன் 5 அன்று பேனர் கட்டி, ஊருணிக் கரையில் மரக்கன்று நட்டு, படம் எடுத்தோம்.

தோட்டக்காரர் அன்றைக்கே சொன்னார்: "வைகாசி வெயில்ல வச்சா வேர் பிடிக்காதுங்க சார். ஐப்பசில வைப்போம்." அவர் சொன்னதுதான் இந்த ஊரின் கணக்கு. எங்களுக்கு உருப்படியான மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஜூனில் நட்டால் நான்கு மாதத்துக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். யாரும் சுமக்கவில்லை, கன்றுகள் காய்ந்தன. நாள்காட்டியில் வரும் ஒரு உலக நாளுக்காக மரம் வைப்பதும், மரத்துக்காக மரம் வைப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலைக்குத் தோட்டக்காரரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது ஊருணிச் சுத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் கிடந்த குப்பையைச் சாக்குச் சாக்காக அள்ளினோம். ஊர்க்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் குப்பை பழையபடி வந்துவிட்டது. ஆனால் அந்தச் சாக்குகளைக் கட்டும்போது அக்கா ஒன்றைக் கவனித்திருந்தார். குட்டி ஷாம்பு பாட்டில்களில் சில எங்கள் அறைகளில் வைக்கிற அதே பாட்டில்கள். எங்கள் குப்பையை எடுத்துப்போகிறவர் வழியில் எங்கோ கொட்டுகிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

தார்ப்பாயில் பரப்பிப் பார்த்தோம்

இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான். அடுத்த வாரம் பின்கட்டில் ஒரு தார்ப்பாய் விரித்து, விடுதியின் ஒரு நாள் குப்பை முழுவதையும் அதில் கொட்டிப் பிரித்தோம். கையுறை, முகக்கவசம், ஒரு தராசு, ஒரு நோட்டு. இதற்கு வெளியிலிருந்து நிபுணர் யாரும் தேவைப்படவில்லை. எது எந்த அறையிலிருந்து வந்தது, எது அடுப்படியிலிருந்து வந்தது என்று ஹவுஸ்கீப்பிங் பெண்கள் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள்.

எடையில் அதிகம் இருந்தது சாப்பாட்டுக் கழிவும் வாழை இலையும். அதில் பிரச்சினை இருக்கக் கூடாது. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் இலைக்குள் டிஷ்யூ, பல்குத்தி, ஊறுகாய்ப் பாக்கெட், பாலிதீன் உறை எல்லாம் சுருண்டு கிடந்தன. முன்பு இலை எடுத்துப்போன ஒருவர், மாட்டுக்கு வயிறு உப்பிப் போனதற்கு அப்புறம் வருவதை நிறுத்தியிருக்கிறார். இந்தச் செய்தி அடுப்படியைத் தாண்டி ஆபீஸ் வரை வந்ததே இல்லை.

இடத்தை அடைத்தது தண்ணீர் பாட்டில். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் தூக்குப்பை, உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அதில் வரும். தண்ணீர் பாட்டில் வராது. அதனால் சட்டப்படி நாங்கள் சரியாகத்தான் இருந்தோம். சட்டம் விட்டுவைத்ததுதான் எங்கள் தார்ப்பாயில் குவிந்து கிடந்தது.

நோட்டைப் பார்த்தபோது எங்களுக்குப் புரிந்தது: பிரித்து அள்ளுவது கடைசி வேலை. தார்ப்பாயில் கிடந்த ஒவ்வொரு பொருளையும் யாரோ ஒருவர் இண்டென்ட் நோட்டில், அதாவது வேண்டிய பொருள்களை எழுதிக் கேட்கும் நோட்டில் எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டு, நான் பில் பாஸ் பண்ணி, ஸ்டோருக்குள் காசு கொடுத்து வரவழைத்திருக்கிறோம். குழுவுக்கு அந்த நோட்டில் ஒரு இடம் வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டோம். விடுதிக்குள் புதிதாக ஒரு பொருள் வருவதென்றால் குழுவில் ஒருவர் பார்த்துக் கருத்து எழுத வேண்டும், அதற்கு அப்புறம்தான் ஆர்டர். கொஞ்சம் தயங்கிவிட்டு ஒத்துக்கொண்டார். மரம் நட்டதையும் ஊருணி அள்ளியதையும்விட அந்த ஒரு அனுமதிதான் எங்களைக் குழுவாக்கியது என்று உறுதியாகச் சொல்வேன்.

மாறியவை

குடிநீருக்கு வடிகட்டும் இயந்திரம் வைத்து, அறைகளில் மூடியுள்ள கண்ணாடி பாட்டில். ஆர்ஓ இயந்திரத்தில் நல்ல தண்ணீர் வரும்போது கழிவு நீரும் ஓடிக்கொண்டே இருக்கும். பல சமயம் நல்ல தண்ணீரைவிட அதுதான் அதிகம். அதைத் தரை துடைக்க எடுக்கலாம் என்று நானும் டிரைவரும் சொன்னோம். துடைக்கிற பெண்கள் உடனே மறுத்தார்கள். எங்கள் தரை ஆத்தங்குடிக் கல், அதாவது பூ வேலைப்பாடு உள்ள சிமென்ட் ஓடு. "உப்புத் தண்ணி அது. ஆத்தங்குடிக் கல்லுல ஊத்துனா பூவெல்லாம் வெளுத்துப் போயிரும்" என்றார் ஒருவர். தினமும் அந்தத் தரையில் குனிகிறவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. கழிவு நீர் இப்போது பின்கட்டில் ஒரு டிரம்முக்குப் போகிறது, கழிப்பறைக்கு ஊற்றப் பயன்படுகிறது.

குட்டி ஷாம்பு பாட்டில்கள் போய், சுவரில் பதித்த பெரிய பீங்கான் புட்டிகள் வந்தன. சோப்பும் சீப்பும் வைக்கப் பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் பனை ஓலைக் கொட்டான். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்த வீட்டு ஆச்சிமார் ஒரு காலத்தில் தாங்களே முடைந்த பொருள். சுற்று வட்டாரத்துப் பெண்களிடம் நேரடியாக வாங்குகிறோம், பில்லை நான் தாமதம் இல்லாமல் பாஸ் பண்ணுகிறேன். சின்னக் கைவினைக்காரருக்கு மாதக் கடைசி வரை காசை நிறுத்தி வைத்துவிட்டு சமூகப் பொறுப்பு என்று பேச முடியாது.

எண்ணெய் விஷயத்தில் அடுப்படியோடு உரசல் வந்தது. எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் தேன்குழலும் இல்லாமல் முடியாது. பொரித்த எண்ணெய் மிஞ்சும். அது கைமாறி எங்கோ சாலையோரக் கடைக்குப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி, மொத்த துருவச் சேர்மங்கள் (எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை முதல் இது நடைமுறையில் உள்ளது. பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்க அதே வருஷம் ஒரு திட்டமும் வந்தது. தலைமைச் சமையல்காரர் கோபப்பட்டார். "எண்ணெயை எப்ப மாத்தணும்னு எனக்குத் தெரியாதா?" அவருக்குத் தெரியும்தான். அவருடைய கைப்பக்குவத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அடுப்படியை விட்டுப் போன பிறகு அந்த எண்ணெய் யார் வயிற்றுக்குப் போகிறது என்பதுதான் கேள்வி என்று அக்கா பொறுமையாக எடுத்துச் சொன்னார். சமையல்காரர் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே ஒரு டின்னில் மஞ்சள் பெயின்டால் குறி போட்டுத் தனியாக வைத்தார். இப்போது அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கு மட்டும்தான் கொடுக்கிறோம்.

வாய்க்காலைத் திறந்தது கட்டடப் பராமரிப்புப் பார்க்கும் அண்ணன். அடைத்த சிமென்டைக் கொத்தி எடுத்து, முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையைக் கூழாங்கல்லும் மணலும் போட்ட தொட்டி வழியாகப் பின்கட்டுக் கிணற்றுக்குத் திருப்பினார். கொத்தனார் வேலை தெரிந்த அவருடைய மைத்துனருக்குக் கூலி கொடுத்தோம். அந்த ஐப்பசியில் கிணற்று உறையில் நீர் ஏறியதை எல்லோரும் போய் எட்டிப் பார்த்தார்கள்.

கணக்கில் வராத பொறுப்பு

இங்கே கொஞ்சம் விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்றதும் எல்லோரும் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 என்பார்கள். நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் விடுதி இந்த எல்லைக்குள் வராது. செட்டிநாட்டில் இருக்கிற பெரும்பாலான வேலை இடங்களும் வராது.

வருகிற நிறுவனங்களிலும், வழக்கமான தொழிலின் பகுதியாகச் செய்வதும் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும் அந்த 2 சதவீதத்தில் சேராது. விதிக்கு நியாயமான காரணம் உண்டு. இல்லாவிட்டால் கேன்டீனுக்கு மின்விசிறி மாட்டி அதையும் சமூகப் பணியில் எழுதிவிடுவார்கள். ஆனால் இதில் ஒரு விளைவு இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு பெஞ்சு கொடுத்தால் ஆண்டறிக்கையில் இடம் உண்டு, தன் அடுப்படி எண்ணெய் எங்கே போகிறது என்று பார்த்தால் அங்கே எழுத இடம் இல்லை. எந்தக் கணக்கிலும் வராத அந்த வேலையைத்தான் உள்ளே இருக்கும் ஊழியர் குழு செய்ய முடியும். வேறு யாருக்கும் அது கண்ணில் படாது.

வேலை பார்க்கிறவர்கள் தங்கள் அறிவை ஊருக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது, நேரு 1948இல் அடிக்கல் நாட்டினார். பின்னாளில் குன்றக்குடி அடிகளார் தன் ஊரில் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த ஆய்வக விஞ்ஞானிகள் அதற்குத் துணை நின்றார்கள். ஆய்வகத்துக்கும் குன்றக்குடிக்கும் இடையே இருப்பது சில மைல் தூரம். கூப்பிட ஒருவரும் வர மனமுள்ளவர்களும் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை யாருடையது

தொடக்கத்தில் எங்கள் கூட்டங்கள் ஞாயிறு மதியம் நடந்தன. வந்தவர்கள் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். அறைகளைச் சுத்தம் செய்கிற, பாத்திரம் கழுவுகிற பெண்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து போகிறார்கள். கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. அவர்களிடம் போய் "தன்னார்வமா வாங்க" என்று கூப்பிடுவது, அவர்கள் உழைப்பை இலவசமாகக் கேட்பதுதான். அக்காதான் இதைக் கூட்டத்தில் போட்டு உடைத்தார்.

இதற்கு வழி, குழு வேலையை டூட்டி நேரத்துக்குள் கொண்டுவருவது. டூட்டி ஷீட்டிலேயே வாரத்தில் ஒரு மணி நேரம் எழுதப்பட்டது. ஒப்பந்தப் பெண்களுக்கும் சேர்த்து, கூலியோடு. மேனேஜரைச் சம்மதிக்க வைக்க நான் லாரித் தண்ணீர் பில்லையும் பாட்டில் பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். மிச்சமாகிற காசில் அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்க முடியும் என்று காட்டினேன். கணக்குப் பார்க்கிற ஒருத்தன் குழுவில் இருப்பதில் இது ஒரு வசதி.

அந்த ஒரு மணி நேரத்தில் பேச்சு குப்பையிலிருந்து வேறு பக்கம் திரும்பியது. பஸ் நேரத்துக்கு ஷிப்ட்டை முன்னால் தள்ள வேண்டும் என்றார்கள். உடை மாற்ற தாழ்ப்பாள் உள்ள அறை கேட்டார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில், பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கப் பெண் தலைமையில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியும் தினக்கூலியும் பயிற்சிக்கு வந்தவரும் அதில் அடக்கம். எங்கள் விடுதியில் அந்தக் குழுவின் பட்டியல் ஆபீஸ் அலமாரியில் ஒரு கோப்புக்குள் கிடந்தது. இப்போது அது பெண்கள் உடை மாற்றும் அறைச் சுவரில் பெரிய எழுத்தில், தமிழில் இருக்கிறது. ஷிப்ட் பத்து நிமிஷம் முன்னால் முடிகிறது.

முடியாதவை

கல்யாணம். இதுவரை எங்களால் தீர்க்க முடியாத பிரச்சினை இதுதான். வளவை வாடகைக்கு எடுப்பவர்கள் தங்கள் கேட்டரிங் ஆட்களோடு வருகிறார்கள். தடை செய்யப்பட்ட கப்பும் மேசை விரிப்பும் அவர்கள் லாரியில் வந்து இறங்கும். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கொடுக்கிற பழக்கம் இங்கே எப்போதும் உண்டு, 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதில் அது இன்னும் பரவியது. அதே பந்தியில் குட்டித் தண்ணீர் பாட்டில் வரிசையாக நிற்கும். புக்கிங் படிவத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தோம், முன்பணத்தில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பதாகவும் எழுதினோம். சில குடும்பங்கள் மனதாரச் செய்தார்கள். சிலர் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு புக்கிங் போனால் முதலாளிக்கு வலிக்கும். நிபந்தனை படிவத்தில் இருக்கிறது, அதை வற்புறுத்துவது ஆளுக்கு ஆள் மாறுகிறது.

வெடி விஷயம் அவ்வளவு கஷ்டமாக இல்லை. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி போடாமல் பல பத்தாண்டுகளாக இருக்கிறார்கள். "அவங்க குழந்தைகளே பொறுத்துக்கிறாங்க" என்று வரவேற்பில் இருந்த தம்பி விருந்தினர்களிடம் சொல்வான், கேட்டுக்கொள்வார்கள்.

அந்தத் தம்பி வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். குப்பை நோட்டை எழுதிவந்தது அவன். அதற்குப் பிறகு மாதக் கணக்கில் நோட்டில் ஒரு வரி இல்லை. விடுதித் தொழிலில் ஆள் மாறுவது சகஜம், நல்ல பையனை நம்பி ஒரு வேலை நின்றால் அவனோடு போய்விடும். இப்போது நோட்டு எழுதுவது வரவேற்பின் காலை ஷிப்ட் வேலைகளில் ஒன்றாக டூட்டி ஷீட்டில் இருக்கிறது. யார் உட்கார்ந்தாலும் எழுத வேண்டும்.

சலவைத் தண்ணீரை இன்னும் தொடவில்லை. கழிவு நீர்த் தொட்டியும் பழையதுதான்.

ஆசிட்

அண்மையில் ஒப்பந்தப் பெண்கள் இருவர் குழுவில் முறைப்படி உறுப்பினரானார்கள். இண்டென்ட்டைப் பார்க்கும் உரிமை அவர்களுக்கும் வந்தது. அவர்கள் சுட்டிக் காட்டிய முதல் பொருளை நாங்கள் யாரும் இத்தனை நாள் கவனித்ததே இல்லை: குளியலறை கழுவும் ஆசிட். தார்ப்பாயில் அதன் காலி கேன்கள் கிடந்தன. மறுபடி பயன்படும் பிளாஸ்டிக் என்று தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு நகர்ந்திருந்தோம்.

அவர்கள் கையை நீட்டிக் காட்டினார்கள். விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தது. கதவு மூடிய குளியலறையில் மூச்சு முட்டும் என்றார்கள். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு வரும், உயிருக்கே ஆபத்து. அந்தப் பெண்களிடம் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன. ஆசிட் சிமென்டையும் சுண்ணாம்பையும் அரிக்கும், ஆத்தங்குடிக் கல்லும் இந்த வீட்டுச் சுவர்ப் பூச்சும் அதில் தப்பாது. கழிவு நீர்த் தொட்டிக்குள் போனால் கழிவை மக்க வைக்கிற நுண்ணுயிர்களைக் கொல்லும். சுற்றுச்சூழல், வேலை செய்பவரின் உடம்பு, வீட்டின் மரபு மூன்றையும் ஒரே கேன் கெடுத்துக்கொண்டிருந்தது.

ஸ்டோர்க்காரர் ஆசிட்டை இண்டென்ட்டிலிருந்து எடுத்துவிட்டார். பிளீச்சிங் பவுடர் தனி அறைக்குப் போனது. ரப்பர் கையுறை ஒவ்வொருவர் பெயரிலும் கொடுக்கிறோம். சமையல் சோடாவும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் புதுக் குளியலறைகள் சுத்தமாகின்றன. முன்கட்டில் இருக்கும் இரண்டு பழைய குளியலறைகளில் உப்புக்கறை அப்படிப் போகவில்லை. அங்கே தேய்க்க அதிக நேரம் பிடிக்கிறது, அதற்கு ஷிப்ட்டுக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஆளின் மாதக் கூலியையும், ஆசிட்டுக்கு வருஷத்துக்கு ஆன செலவையும், கல் மாற்ற ஆகும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி நான் சேர்த்திருக்கிறேன். கோப்பு மேனேஜர் மேசையில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அவரும் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.